‘இயற்கை விதி’ எவருடைய விதி?

பொருளியற் பாடநூல்கள் பலவற்றில் அடம் சிமித் ஒரேயொரு தொடரின் ஆசிரியராகச் சுருங்கிவிட்டார். ‘கண்ணுக்குப் புலப்படாத கை’ என்பதே அத்தொடர். தன்னலம் நாடும் ஒவ்வொருவரையும் அக்கை பொதுநலத்தின்பால் இட்டுச் செல்லுமாம். ஆதலின் அரசு ஒதுங்கி நிற்றல் வேண்டுமாம். விலையும் கூலியும் இயற்கை விதிப்படி தாமே அமையுமாம். இதனை மனனஞ் செய்த மாணவன், கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியைப் புவியீர்ப்போடு மல்லுக்கு நிற்கும் பேதையாகவே காண்பான். இப்பாடம் வரலாற்றுக்கு முரணானது என்பதே நமது வாதம். செவ்வியற் பொருளியல் வர்க்க முரண்பாட்டின் நடுவே பிறந்தது. அது எழுப்பிய வினாக்கள் உழைப்பாளருக்குப் பயன்படத் தொடங்கியபோது அவை கைவிடப்பட்டன. சந்தையைப் பற்றிய போதனை மாத்திரம் எஞ்சியது.

அதன் தோற்றுவாயை முதலில் நோக்குவோம். 17ஆம் நூற்றாண்டினரான வில்லியம் பெற்றி, குரொம்வெல்லின் படையோடு அயர்லாந்து சென்ற வைத்தியர். ஐரிஷ் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட காணிகளைப் படைவீரர்க்குப் பங்கிடும்பொருட்டு, 1655, 1656ஆம் ஆண்டுகளில் அவற்றை அளந்து கணக்கிட்டவர் அவரே. நிலமும் உழைப்புமே செல்வத்தின் மூலங்கள் என அவர் கண்டார். நூறாண்டுகள் கழித்து, பிரான்சில் பதினைந்தாம் லூயியின் அரண்மனை வைத்தியரான கெனே 1758இல் தமது ‘பொருளாதார அட்டவணை’யை வரைந்தார். வேளாண்மை ஒன்றே மிகையை விளைவிக்கும், எனவே வரியும் நிலவுடைமையாளரின் வருவாய் மீதே விழவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. குடியானவனின் முதுகிலே வரிச்சுமையை ஏற்றி வாழ்ந்த பிரபுக்களின் நாட்டில் இது துணிச்சலான கூற்று என்பதிற் ஐயமில்லை. இவ்வாறு, செல்வம் எங்கிருந்து பிறக்கின்றது, அதனை யார் கொள்கின்றனர் என்ற இரு வினாக்களோடு இவ்வறிவுத்துறை தொடங்கிற்று.

கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியற் பேராசிரியராயிருந்த சிமித், 1766இல் பாரிசிற் கெனேயைச் சந்தித்தவர். அவருடைய ‘நாடுகளின் செல்வம்’ 1776இல் வெளிவந்தது. அப்பெருநூலில் ‘புலப்படாத கை’ ஒரே ஒரு தடவைதான் இடம்பெறுகின்றது. நூலின் கணைகள் பாய்வதோ தனியுரிமை பெற்ற வணிகர்மீதும் கிழக்கிந்தியக் கம்பனிமீதுமாகும். முதலாளிகள் கூலியை உயர்த்தாதிருக்க எப்பொழுதும் மறைமுகமாகக் கூடியிருக்கின்றனர் என்றும், தொழிலாளர் கூடினால் மாத்திரமே சட்டம் பாய்கின்றது என்றும் எழுதியவர் அவரே. சொத்தைக் காக்க அமைந்த அரசு நடைமுறையில் ஏழையிடமிருந்து செல்வனைக் காக்கும் அரசே என்று கூறியவரும் அவரே.

குண்டூசித் தொழிற்சாலை உதாரணத்தை அறியாத மாணவர் இலர். பத்துப் பேர் வேலையைப் பகுத்துக்கொண்டு நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் செய்த கதை அது. ஆயின், வாழ்நாள் முழுவதும் ஓரிரு அசைவுகளையே செய்து கழிக்கும் மனிதனின் அறிவு மழுங்கிப்போகும், அதனைத் தடுக்க அரசு ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு வழிசெய்தல் வேண்டும் என்று அதே நூலின் ஐந்தாம் பாகம் கூறுவதை நமது மாணவருள் எத்தனைபேர் அறிவர்? ஊசியின் எண்ணிக்கையைக் கற்பித்து, ஊசி செய்தவனின் நிலையை மறைக்கும் கல்வியை நடுநிலையான கல்வி என எங்ஙனம் ஒப்புவது?

சிமித்துக்குப் பின்வந்த றிக்காடோ பங்குச் சந்தையிற் பொருளீட்டியவர். தொழிலாளர் தோழர் அல்லர். தானிய இறக்குமதியைத் தடுத்து நிலப்பிரபுக்களைக் கொழுக்கச் செய்த 1815ஆம் ஆண்டின் தானியச் சட்டத்தை ஆலை முதலாளிகளின் பக்கம் நின்று எதிர்த்தவர். எனினும், விளைபொருள் நிலவாரம், இலாபம், கூலி என மூன்று வர்க்கங்களுக்கிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதே இவ்வியலின் தலையாய பிரச்சினை என 1817இல் அவர் வரையறுத்தார். கூலி ஏறின் இலாபம் இறங்கும் எனத் தயக்கமின்றிக் கூறினார். இயந்திரம் தொழிலாளர்க்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை 1821ஆம் ஆண்டுப் பதிப்பிலே தனி அதிகாரமாகச் சேர்த்தார்.

பிரபுக்களைத் தாக்க வடித்த வாள் இருபுறமும் கூருடையதாயிற்று. பெறுமதியின் ஊற்று உழைப்பாயின், இலாபம் எங்கிருந்து வருகின்றது என 1825இல் தோமஸ் ஹொட்ஜ்ஸ்கின் தொழிலாளர் சார்பிற் கேட்டார். தானியச் சட்டம் 1846இல் நீக்கப்பட்டது. பிரபுக்களுடனான போர் முடிந்தது. 1867இல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் அவ்வினாவை அதன் இறுதிவரை கொண்டுசென்றார். 1871இல் ஜெவன்சும் மெங்கரும் பெறுமதியின் மூலத்தை நுகர்வோனின் மனநிறைவிலே தேடினர். அவர்கள் கூடிச் சதி செய்தனர் என நாம் கூறவில்லை. ஆயின் அப்புதிய போக்கு ஆதிக்கம் பெற்றபோது வர்க்கங்கள் மறைந்து, வாங்குவோரும் விற்போரும் மாத்திரமே மேடையில் நின்றனர். பழைய வினாவுக்கு விடை கிடைக்கவில்லை, வினாவே இடம்பெயர்க்கப்பட்டது.

சிமித் தூயவர், பின்வந்தோரே தீயர் என்று வாதிடுவதும் நமது நோக்கமன்று. வங்கப் பஞ்சத்துக்குக் கம்பனி ஊழியர் அரிசி வணிகத்தில் விதித்த தடைகளே காரணமாயிருக்கலாம் எனக் கண்டித்த அவர், அதிலிருந்து அரசின் தலையீடே பற்றாக்குறையைப் பஞ்சமாக்கும் எனப் பொதுவிதி வகுத்தார். கம்பனி அதிகாரிகளைப் பயிற்றிய கல்லூரியில் 1805 முதல் இறக்கும்வரை பேராசிரியராயிருந்தவர், மக்கட்பெருக்கமே வறுமையின் காரணம் எனக் கூறிய மால்தஸ். இவ்விரு போதனைகளும் இந்தியாவில் ஆட்சிமுறையாயின. 1866இல் ஒரிசாவிற் பஞ்சம் வந்தபோது, சந்தை தானே அரிசியைக் கொணரும் என்று கூறி அரசு இறக்குமதிக்கு மறுத்தது. பத்து இலட்சம்வரை மக்கள் மாண்டனர் எனக் கணிக்கப்படுகின்றது. 1874இல் றிச்சட் ரெம்பிள் பர்மா அரிசியை வருவித்துப் பீகார் மக்களைக் காத்தார். வீண்செலவு செய்தார் என்ற கண்டனமே அவர் பெற்ற பரிசு. 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட அதே ரெம்பிள், நிவாரண வேலை செய்வோனின் நாட்கூலியை ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

அப்பஞ்சத்திலிருந்து தப்பியோடிய தமிழ் மக்கள் பெருந்தொகையினராக வந்து சேர்ந்த இடம் இலங்கையின் கோப்பித் தோட்டங்களாகும். இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டு, கறுவாத் தனியுரிமை 1833இல் நீக்கப்பட்டு, சுதந்திர வணிகம் இங்கு ஏற்கெனவே பிரகடனமாகியிருந்தது. ஆயின் அச்சுதந்திரம் எத்தகையது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுச் சென்ற தொழிலாளி சிறைக்குச் செல்லவேண்டும். கடன் தொகையைக் காட்டும் ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்படும்வரை அவனைத் தொடர்ந்தது. பஞ்சத்திற் சோறு கொடுப்பது இயற்கை விதிக்குத் தலையீடு. ஓடுபவனைச் சிறையிடுவது தலையீடு அன்று!

இப்போதனை பழங்கதையாகிவிடவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அதை எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. கட்டுபடியாகாது, உற்பத்தித் திறனுக்கேற்பவே கூலி அமையவேண்டும் என்ற குரல் அன்றும் ஒலித்தது. பங்கீடு பற்றிய றிக்காடோவின் வினாவை எழுப்பியோர் எத்தனைபேர்?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, சிமித்தையும் றிக்காடோவையும் ஒதுக்கிவிடுங்கள் என நாம் கூறவில்லை. முழுமையாகப் படியுங்கள் என்றே கேட்கின்றோம். செல்வத்தை ஆக்குவோர் யார், அதைக் கொள்வோர் யார், எச்சட்டத்தின் துணைகொண்டு கொள்கின்றனர் என்ற வினாக்கள் நமது வகுப்பறைகளில் மீண்டும் கேட்கப்படல் வேண்டும். அவற்றைக் கேட்கப் பழகிய மாணவன், மனிதர் இயற்றிய விதியை இயற்கையின் விதி என நம்பி ஏமாறான்.