மூன்று விளக்கம், ஒரு மௌனம்!

மல்லாங்கிணற்றிலே இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. தாயகத்தைக் கண்ணாலும் காணாது இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கேட்கின்றனர்: 1983-இல் மூண்டு 2009 வரை எரிந்த அந்தப் போருக்குக் காரணம் யாது? இடதுசாரித் தோழர்களிடம் விடை உண்டு. ஒன்றல்ல, மூன்று!

வெள்ளையனின் பிரித்தாளும் சூழ்ச்சி என்பர் ஒரு சாரார். சூழ்ச்சி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால், 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை நிறைவேற்றியது எவர்? வெள்ளையனா? விடுதலை பெற்ற இலங்கையின் நாடாளுமன்றமன்றோ!

1977-இன் திறந்த பொருளாதாரமே வினை என்பர் மற்றொரு சாரார். இறக்குமதி பெருகி, யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய உழவர் நொந்தது மெய்யே. எனினும், 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது 1956-இல். தமிழர் வேட்டையாடப்பட்ட கலவரம் 1958-இல். தீ முன்னே பற்ற, தீக்குச்சி பின்னே வருமோ?

இந்திய விரிவாதிக்கம் என்றது ஜே.வி.பி. எனும் மக்கள் விடுதலை முன்னணி. தேயிலைக் கொழுந்து பறித்துத் தேய்ந்த தொழிலாளியை அவ்வாதிக்கத்தின் கருவியென்று இளைஞர்க்கு வகுப்பெடுத்தது. பாட்டாளிக் கட்சி புகட்டிய பாடம் இது! 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. விரிந்தது ஆதிக்கமா, விரட்டப்பட்டது உழைப்பா?

ஒன்றோடொன்று மோதும் இம்மூன்றும் ஓரிடத்தில் கைகோக்கின்றன: இடதுசாரிகளின் பங்கைப் பற்றி வாய் திறப்பதில்லை! 1956-இல் இரு மொழிக்கும் சமநிலை கேட்டு வாதாடிய லங்கா சமசமாஜக் கட்சி, 1964-இல் சிறிமாவோவின் அமைச்சரவையில் அமர்ந்தது. 1972-இன் அரசியலமைப்பை ஆக்கும் பணியை நடத்தியவர் அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்திற்கு முதலிடம் என்றது அது. சிறுபான்மையினருக்குக் காப்பாயிருந்த பழைய 29-ஆம் பிரிவும் மறைந்தது. நான்கே ஆண்டு! 1976-இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் பிறந்தது.

வர்க்கப் பார்வை வேண்டாமென்று நாம் கூறவில்லை. பசிக்கு மொழியில்லை என்பதும் அறிவோம். ஆனால், பசி தீர்க்கும் வேலைக்கு விண்ணப்பிக்க மொழி வேண்டுமே, தோழர்களே! அம்மொழியைச் சட்டம் தள்ளிவைத்தால், வயிறும் சேர்ந்தே தள்ளிவைக்கப்படுகிறது.

இது பழங்கதைப் பூசலன்று. காரணத்தைப் பொறுத்தே தீர்வு. வடக்கு - கிழக்கு இணைப்பு செல்லாது என்று 2006-இல் தீர்ப்புப் பெற்றவர் ஜே.வி.பி.யினர். 2024-இல் அக்கட்சித் தலைவர் அனுர குமார திசாநாயக்க குடியரசுத் தலைவரானார். பொருளாதாரம் சீர்பட்டால் போதும், இனச்சிக்கல் தானே தீரும் என்போரை நாம் கேட்கிறோம்: சட்டத்தால் வந்த நோய் சந்தையால் தீருமா? மொழிச் சமத்துவமும் அதிகாரப் பகிர்வும் ஏட்டிலும் நாட்டிலும் நிலைபெறட்டும். அதுவே காரணத்தை உணர்ந்ததற்குச் சான்று!