பித்தமா, பாணா?

காலைக் குமட்டலைப் பித்தம் என்று சொல்லித் தேசிக்காய்த் தண்ணீருடன் முடித்துவிடுகிறோம். சிலருக்கு அதன் காரணம் சீலியாக் நோயாகவும் இருக்கலாம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது, இந்நோயுள்ளவரின் நோயெதிர்ப்பாற்றல் அவரது சிறுகுடலையே தாக்குகிறது. 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் பாண் கிடைக்காதபோது இந்நோயுற்ற பிள்ளைகள் தேறியதை மருத்துவர் டிக்கே கவனித்தார்.

மருந்து இல்லை, வாழ்நாள் முழுதும் கோதுமையையும் பார்லியையும் விலக்குவதே வழி. நமக்கு அது தண்டனையன்று. அரிசிமா இடியப்பம், குரக்கன் பிட்டு, ஒடியற்கூழ் எல்லாம் நம் அடுப்படியில் உள்ளவையே. ஆனால் பிட்டில் கோதுமை மா கலந்திருக்கலாம். கூட்டுப் பெருங்காயத்திலும் அது இருக்கலாம்.

ஒன்றை மறவாதீர்கள்: இரத்தப் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்தினால் நோய் பரிசோதனையில் அகப்படாது போகலாம். மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மானிப்பாயில், இதையும் தமிழில் எடுத்துச் சொல்வது நம் கடமை.