இடுப்புக்கு மேலா, கீழா?

தலையையோ, இடுப்புக்குக் கீழுள்ள பாகத்தையோ கழுவிக்கொள்ள இன்னொருவர் உதவி வேண்டுமா? இரண்டு மார்க். தோளுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள பாகத்தைக் கழுவ உதவி வேண்டுமா? நான்கு மார்க்.

இது ஏதோ விகடத் துணுக்கு என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். உடல் ஊனமுற்றோருக்கு உதவித்தொகை கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க பிரிட்டிஷ் சர்க்கார் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் கணக்கு இது. நம் மில் தொழிலாளிக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதல்ல. கட்டைவிரல் போனால் நூற்றுக்கு 30, சுட்டுவிரல் முழுதும் போனால் 14 என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் நாம் படித்தவர்கள்தானே! ஆனால் ஒன்று: வெட்டுப்பட்ட விரல் மறுபடி முளைத்துவிட்டதா என்று நம் அட்டவணைகூடக் கேட்டதில்லை. பிரிட்டனில் கேட்கிறார்கள்.

அங்கே 2013-ல் பழைய உதவித்தொகையை எடுத்துவிட்டு, உழைக்கும் வயதினருக்கு பி.ஐ.பி. என்னும் புதிய தொகையைக் கொண்டுவந்தார்கள். (ஸ்காட்லாந்து 2022-லிருந்து தனி முறை வைத்துக்கொண்டது.) சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது என்று அன்றாடக் காரியம் பத்து, நடமாட்டம் பற்றி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மார்க். 8 மார்க் வாங்கினால் சாதாரணத் தொகை, 12 வாங்கினால் உயர்ந்த தொகை, 7 வாங்கினால் வெறுங்கை. சோதிக்கும் வேலையைத் தனியார் கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்ட் விட்டார்கள்.

தொகை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார முடியாது. பெரும்பாலோருக்கு அது சில வருஷங்களுக்குத்தான். கெடு முடியுமுன் ஒரு பழுப்பு நிறத் தபால் உறை வந்து விழும். உள்ளே மறுபரிசீலனைப் பாரம். ஒரு மாதத்தில் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். சென்ற முறைக்கு இந்த முறை என்ன மாறியது, இப்போது எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஒவ்வொரு காரியத்துக்கும் கேள்வி. காலில்லாதவன் என்ன எழுதுவான்? "மாற்றமில்லை" என்றுதான் எழுதுவான். அப்படி எழுதியதனாலேயே பணம் தொடரும் என்ற நிச்சயமில்லை. எல்லாவற்றையும் ஆதியிலிருந்து அளந்து பார்த்து, கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். மிகக் கடுமையான ஊனமுள்ளவர்களுக்கு மட்டும் பத்து வருஷத்துக்கு ஒரு முறை என்ற சலுகை உண்டு.

இந்தப் பாரத்தில் அதிகம் அடிபடுகிறவன் யார் தெரியுமா? மானமுள்ள தொழிலாளிதான். ஆயுள் முழுதும் யார் கையையும் எதிர்பாராமல் உழைத்தவன், "நடக்க முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்றே சொல்வான். சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நடுவே இரண்டு தரம் நின்று நடக்கிறான் என்பதை எழுத அவனுக்குக் கூச்சம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு காரியத்தை ஆபத்தில்லாமல், சரியாக, வேண்டியபோதெல்லாம் திரும்பத் திரும்ப, சாதாரண ஆளுக்கு ஆகும் நேரத்தின் இருமடங்குக்கு மேற்படாமல் செய்ய முடிந்தால்தான் "முடியும்" என்று பொருள். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அவன் நிலைமை எப்படி என்பதே கணக்கு. இதைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் பணம் கிடைக்கிறது. தெரியாமல் தனியே எழுதினால் போகிறது. உடல் ஒன்றுதான், பேனா பிடித்த கைதான் வேறு!

நடக்கிற தூரத்தையும் சுருக்கிவிட்டார்கள். பழைய முறையில் 50 மீட்டர் என்பது வழக்கத்திலிருந்த அளவு. புதிய முறையில் உயர்ந்த மார்க்குக்கு 20 மீட்டர், அதாவது அறுபத்தைந்து அடி. அதைத் தாண்டி நாலடி வைத்துவிட்டால் மார்க் இறங்கிவிடும். ஸ்டவ்வில் சமைக்க முடியாது, மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்க முடியும் என்றால் இரண்டே மார்க்.

அதிகாரிகளின் தீர்ப்பை எதிர்த்து டிரிபியூனலுக்குப் போகிறவர்களில், விசாரணை வரை நிற்பவர்களில் பாதிக்கு மேல் ஜெயிக்கிறார்கள் என்பதே இந்த அளவுகோலின் யோக்கியதையைக் காட்டும். மனநோயால் வெளியே போக முடியாதவர்களுக்கு மார்க்கைக் குறைத்து 2017-ல் போட்ட விதியை அதே வருஷம் ஹைக்கோர்ட் ரத்து செய்தது. சுமார் 16 லட்சம் பேருடைய ஃபைல்களைத் திரும்பப் பார்ப்பதாக சர்க்கார் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் 2025 மார்ச்சில், தொழிற்கட்சி சர்க்கார்தான், தொழிலாளர் பெயரைத் தாங்கிய கட்சிதான், இன்னொரு கத்தரிக்கோலை எடுத்தது. மொத்தம் 8 மார்க் இருந்தால் போதாது. ஏதேனும் ஒரே காரியத்தில் 4 மார்க் இருக்க வேண்டுமாம். சமைக்க 2, குளிக்க 2, உடுத்த 2, கக்கூஸ் போக 2 என்று நாலு காரியத்துக்கும் உதவி தேவைப்படுகிறவனுக்கு ஒன்றும் இல்லை! வருஷத்துக்கு சுமார் 500 கோடி பவுன் மிச்சம் பிடிப்பதே நோக்கம்.

சக்கர நாற்காலியில் வந்தவர்கள் பார்லிமெண்ட் வாசலை நிறைத்தார்கள். ஆளும் கட்சியிலேயே 120-க்கு மேற்பட்ட மெம்பர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஜூலை 1-ந் தேதி, ஓட்டெடுப்புக்குச் சற்று முன்னால், அந்த ஷரத்தை மந்திரிகள் வாபஸ் வாங்கினார்கள். மந்திரி ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் பரிசீலனை நடத்தி, ஊனமுற்றோர் அமைப்புகளையும் கலந்துகொள்வதாக வாக்களித்தார்கள். ஆனால் அதே மசோதாவில் வேறொரு வெட்டு நிலைத்துவிட்டது. வேலை செய்ய இயலாத நோயாளிகளுக்கான கூடுதல் தொகை, 2026 ஏப்ரல் முதல் புதிதாக மனுப் போடுகிறவர்களுக்கு, மிகக் கடும் நோயாளிகள் நீங்கலாக, ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய நோயாளிக்கு ஒரு விலை, புது நோயாளிக்கு ஒரு விலை.