ஊசித்திருகும் செவியும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் மக்களுக்கு விமானத்தின் ஓசை புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே சீனக்குடாவின் ஓடுபாதையிலிருந்து பிரித்தானியரின் போர் விமானங்கள் எழுந்தன. அருகிலுள்ள நீர்ப்பரப்பிலிருந்து கட்டலினாக் கடல்விமானங்கள் பறந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கிய கதையை மூத்தோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்று அதே சீனக்குடாவில் இலங்கை விமானப்படையினர் பறக்கப் பயில்கின்றனர். பயிற்சி விமானம் தலைக்கு மேலே செல்லும்போது அண்ணாந்து பாராத சிறுவன் இப்பக்கத்தில் அரியன். அத்தகைய சிறுவன் ஒருவனுடைய கையில் உண்மையாகவே எரிந்து இயங்கும் சிறு விமான இயந்திரம் ஒன்று கிட்டுமாயின் என்ன நேரும்?

அதுவே நேர்ந்துள்ளது. துறைமுகப் பகுதியிலிருந்து ஓர் அன்னையார் எழுதிய கடிதம் நம்முன் கிடக்கிறது. கனடாவிலுள்ள தம்பி, தான் இனி மின்மோட்டாருக்கு மாறிவிட்டதாகக் கூறி, பழைய மாதிரி விமான இயந்திரம் ஒன்றை மருமகனுக்கு அனுப்பினாராம். பதினாறு வயதுப் பிள்ளை அதனைப் பலகையிலே பொருத்தி ஓட்டினான். முதன்முறையே அயல் முழுதும் கேட்க அலறியது. சில நிமிடங்களில் தானாகவே நின்றது. பின்னர் மாரி முழுவதும் பெட்டிக்குள் கிடந்தது. இப்பொழுது விசிறியைக் கையால் திருப்பவும் அசையவில்லை. “இதனைச் சீராக்கலாமா, அல்லது படிப்பைக் கெடுக்கும் பொருளென்று எடுத்து வைத்துவிடலாமா?” என்பது அன்னையாரின் வினா. வினா இரண்டு பகுதியுடையது. முதலில் இயந்திரத்தை அறிந்து கொள்வோம்.

தீப்பொறியில்லாத தீ

இவ்வகை இயந்திரங்களிற் பலராலும் கையாளப்படும் ஓர் அளவு 6.5 கன சென்ரிமீற்றர். ஒரு தேக்கரண்டியின் கொள்ளளவிலும் சற்றே மிகுதி, அவ்வளவுதான். அதற்குள் பிஸ்டன் நிமிடத்திற்கு 12,000 முறை ஏறி இறங்கும். இது டூ ஸ்ட்ரோக் இயந்திரமாதலால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிதல் நிகழும். அதாவது ஒரு செக்கனில் இருநூறு முறை.

மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தீப்பொறி இங்கே இல்லை. சிலிண்டரின் தலையில் ‘குளோ பிளக்’ என்னும் சிறு பொருள் உண்டு. அதனுள்ளே மயிரிழை போன்ற பிளாற்றினக் கலவைச் சுருள் ஒன்று இருக்கும். 1.5 வோல்ற் பற்றரியால் அதனைச் சிவக்கக் காய்ச்சி இயந்திரத்தை ஓடவிட்டபின், பற்றரியைக் கழற்றிவிடலாம். கழற்றிய பின்னும் சுருள் கனன்றுகொண்டே இருக்கும். மெத்தனோல் ஆவி பிளாற்றினத்தைத் தீண்டுகையில் அவ்வுலோகம் தான் செலவாகாமலே எரிதலைத் தூண்டுகிறது. அமுக்கப்பட்ட வாயுவின் வெப்பமும் துணை செய்கிறது. பிளாற்றினக் கம்பி எரியும் ஆவிகளிடையே சுடரின்றிக் கனன்று நிற்பதை ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி 1817இல் எடுத்துக் காட்டினார். நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1947இல், அமெரிக்கரான றே ஆர்டன் இவ்வகைப் பிளக்கை விற்பனைக்குக் கொணர்ந்தார். சின்னஞ்சிறு விமானம் அதுவரை சுமந்து திரிந்த பற்றரியும் மின்சுருளும் அன்றோடு வேண்டாதவையாயின. யப்பானின் ஒசாக்கா நகரில் 1936இல் தோன்றிய ஓ.எஸ். நிறுவனம் இத்துறையில் உலகப் பெயர் பெற்றது. இந்தியாவிலும் கல்கத்தாவில் ‘அரோரா’ என்னும் பெயருடன் சிறு இயந்திரங்கள் செய்யப்பட்டன.

இவற்றின் எரிபொருளிலே பெரும்பங்கு மெத்தனோல். ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு எண்ணெய். வலுவைக் கூட்டச் சிறிதளவு நைத்திரோமெதேன். எண்ணெய் எதுவென்று அறிந்தால் நம் பாட்டிமார் நகைப்பர். அவர்கள் வயிற்றைக் கழுவப் பிள்ளைகளுக்கு ஊற்றிய அதே ஆமணக்கெண்ணெய்தான்! இன்று செயற்கை எண்ணெய்களும் கலக்கப்படுகின்றன. எனினும் கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு அகலாமல் ஒட்டி நின்று காக்கும் குணத்தில் ஆமணக்கெண்ணெயின் பெருமை குன்றவில்லை.

திருகின் நுட்பம்

கார்புரேட்டரிலே ஊசித்திருகு ஒன்று உண்டு. அதனைத் திறந்தால் எரிபொருள் மிகும், மூடினால் குறையும். இயந்திரத்தின் வாழ்வும் சாவும் இத்திருகிலே அடங்கியுள்ளன.

பெற்றோல் ஒரு கிராம் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும், மெத்தனோலுக்கோ 6.5 கிராம் அளவே போதும். எனவே அதே காற்றுக்கு இரண்டு மடங்கினும் மிகுதியான எரிபொருள் உள்ளே செல்கிறது. மெத்தனோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி இயந்திரத்தைக் குளிர்விக்கிறது. எண்ணெயும் அதனோடு கலந்தே வருகிறது. ஆகவே திருகை அளவுக்கு மீறி மூடுபவன், உணவு, நீர், எண்ணெய் மூன்றையும் ஒருங்கே குறைத்தவனாகிறான்.

ஆனால் இயந்திரம் இதனை முதலில் வெளிக்காட்டுவதில்லை. மாறாக மகிழ்ச்சியுறுவது போலத் தோன்றும். திருகைச் சிறிது சிறிதாக மூட, கரகரத்த ஓசை மாறித் தெளிந்த குரல் எழும், வேகம் ஏறும், மேலும் மூட மேலும் ஏறும். அந்த உச்சிக்கு அப்பால் ஒரு நூலிழை சென்றால் குரல் தளரும், வெப்பம் மிகும், நின்றுவிடும். மிக இனிமையாக முழங்கும் இடத்திற்கும் கெட்டழியும் இடத்திற்கும் இடைவெளி அத்துணைச் சிறிது. கடிதத்திற் கண்ட இயந்திரம் அலறியதும் தானே நின்றதும் பெரும்பாலும் இவ்வாறே நேர்ந்திருத்தல் வேண்டும்.

கைதேர்ந்தோர் செய்வது யாது? உச்சியைச் செவியால் கண்டறிந்து, உடனே திருகைச் சற்றுத் திறந்து, நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 சுற்றுகள் குறைந்து ஓடும் நிலையில் நிறுத்துவர். வெளியேறும் புகை மெல்லிய கோடாகத் தொடர்ந்து காணப்பட வேண்டும். பின்னர் விமானத்தைப் பிடித்து மூக்கை மேல்நோக்கி உயர்த்திப் பார்ப்பர். அப்போது தாங்கி தாழ்வதால் எரிபொருள் வரவு குறையும். குரல் சற்றே உயர்ந்தால் நன்று; சோர்ந்தால் திருகு இன்னும் திறக்கப்பட வேண்டும். தரையிலே உச்சியில் நிறுத்தியது வானிலே பட்டினி கிடக்கும் என்பதை மறத்தலாகாது.

புதிய இயந்திரமாயின் முதல் சில தாங்கி எரிபொருளை இன்னும் தாராளமாகத் திறந்துவிட்டு, சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் ஓட்டிப் பழக்க வேண்டும். தாங்கியின் நடுக்கோடு ஊசித்திருகின் மட்டத்திலோ சற்றுத் தாழவோ இருத்தல் நன்று. குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் காற்றுப் புகுந்து குரல் தடுமாறும். அப்போது திருகைக் குற்றஞ்சாட்டுவது வீண்.

கச்சானும் வாடையும்

நேற்று வைத்த திருகு இன்றைக்குச் செல்லாது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே நண்பகலில் காற்று சூடேறி அடர்த்தி குன்றும். அதே திருகில் எரிபொருள் மிகுந்ததாகிவிடும். குளிர்ந்த விடியற்காலையில் காற்று அடர்ந்திருப்பதால் எரிபொருள் குறைந்ததாகிவிடும். திருகைச் சற்றுத் திறக்க வேண்டும். நாளும் பொழுதும் அறிந்து ஒவ்வொரு முறையும் செவியால் மீண்டும் தேர வேண்டியதே.

இக்கலை நம் கரைக்குப் புதியதன்று. திருக்கடலூர்க் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகளை ஓட்டுவோரைப் பாருங்கள். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் தருணத்தை அவர்கள் மணிக்கூடு பார்த்தா அறிகின்றனர்? இயந்திரத்தின் குரல் மாறுவது கொண்டு அறிகின்றனர். கரைக்கு வந்ததும் நன்னீர் விட்டு உப்பைக் கழுவுவதையும் அவர்கள் மறப்பதில்லை.

ஓட்டிய பின் செய்யவேண்டியது

அக்கழுவுதலுக்கு நிகரான கடமை சிறு இயந்திரத்திற்கும் உண்டு. அதனை மறந்தமையே கடிதத்து இயந்திரத்தின் இரண்டாம் நோய். மெத்தனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. எரியாமல் எஞ்சிய துளி உள்ளே தங்கினால் அது நீரை அழைத்து வைத்திருக்கும். எஃகுப் பெயாரிங்குகள் துருவேறும். கடற்காற்றும் வாடைமழையும் சேர்ந்த நம் ஊரிலே இதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, குழாயில் எஞ்சியதும் எரிந்து முடியும்வரை ஓடவிட்டு, இயந்திரம் ஆறியதும் காற்றுவாயிலும் பிளக் துளையிலும் மெல்லிய இயந்திர எண்ணெய் சில துளிகள் விட்டு, விசிறியைக் கையால் பலமுறை சுற்றி வைக்க வேண்டும். எரிபொருள் தகரத்தையும் இறுக மூடி நிழலில் வைத்தல் அவசியம்.

இறுகிய இயந்திரத்தை இளக்க முதலில் செய்யத்தகாதது ஒன்று கூறுவேன்: குறடு கொண்டு விசிறியை முறுக்கலாகாது. உள்ளே பிசினாகிய ஆமணக்கெண்ணெய் மட்டுமே பற்றியிருக்கலாம். மயிர் உலர்த்தும் கருவியின் சூடான காற்றைச் சிறிது நேரம் காட்டினால் அது இளகும். பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு, ஒரு பகல் ஊறவைத்து, மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். எரிபொருள் எஞ்சிய இயந்திரத்தருகே தீச்சுடரைக் கொண்டுசெல்ல வேண்டாம். அசைந்த பின்னும் சரசரப்பு இருப்பின் பெயாரிங் துருவேறியுள்ளது எனக் கொள்க. அதனை மாற்றினால் இயந்திரம் பிழைக்கும். சிலிண்டரின் உட்சுவரை மணற்கடதாசியால் தேய்ப்பது கொலைக்குச் சமம். நல்ல நிலையிலுள்ள சில இயந்திரங்களிலும் ஆறியிருக்கும்போது பிஸ்டன் மேல் எல்லையில் இறுகி நிற்கும். அது பழுதன்று, அமைப்பே அவ்வாறானது.

பெற்றோர் கவனத்திற்கு

மூன்று செய்திகளை எத்துணை வற்புறுத்தினும் தகும். முதலாவது, மெத்தனோல் கொடிய நஞ்சு. சிறிதளவு வயிற்றிற் சென்றாலும் கண்பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் அது உட்புகும். குளிர்பானப் போத்தலில் அதனை ஊற்றி வைப்பவர் வீட்டில் யமனுக்குப் பாய் விரிப்பவராவார். ஒருவர் அறியாது பருகிவிட்டால் நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அது பற்றி எரியும் சுடரும் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, விசிறி. பத்து அங்குல விசிறி நிமிடத்திற்கு 12,000 முறை சுழல்கையில் அதன் நுனி மணிக்கு 570 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. விரல் அதற்கு ஒரு பொருட்டன்று. தடி கொண்டோ மின்தொடக்கி கொண்டோ இயக்குக. இயங்கியதும் பின்புறம் சென்று நின்றே திருகைத் தொடுக. தொங்கும் சால்வையும் சாரத்தின் தலைப்பும் அருகே வரலாகாது. பிள்ளையைத் தனியே விடவும் ஆகாது.

மூன்றாவது, இடம். நம் மாவட்டம் விமானத்தளமும் கடற்படைத் தளமும் உடையது. 2019 ஏப்ரல் மாதத் துயரத்தையடுத்து ஆளில்லா வான்கலங்களைப் பறக்கவிடுவது நாடெங்கும் தடைசெய்யப்பட்டதை யாவரும் அறிவர். பறக்கவிட எண்ணுபவர் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை முதலிற் கேட்டறிந்து, உரிய அனுமதி பெற்ற பின்பே எண்ண வேண்டும். அதுவரை பலகையிற் பொருத்திய இயந்திரமே போதிய ஆசிரியன்.

இனி வினாவின் மறுபகுதி. இது படிப்பைக் கெடுக்குமா? இன்று மின்மோட்டாரும் இலிதியம் பற்றரியும் எளிதில் கிட்டுவதால் இவ்வியந்திரம் வெளிநாடுகளிலும் அருகி வருகிறது என்பது உண்மை. மின்மோட்டாருக்குத் திருகில்லை, புகையில்லை, நாற்றமில்லை. ஆனால் செவிக்கும் அங்கே வேலை குறைவு. இந்தியாவின் தேசிய மாணவர் படையில் வான்பிரிவினருக்கு மாதிரி விமானக் கலையும் பயிற்சியில் ஒரு பகுதியாக வைக்கப்பட்டிருப்பது வெறும் விளையாட்டுக்காக அன்று. ஊக்கி, ஆவியாதலின் வெப்பம், காற்றின் அடர்த்தி என்று புத்தகத்தில் மனனம் செய்து பரீட்சையில் கக்கும் சொற்கள் யாவும் இந்தத் தேக்கரண்டி அளவு இடத்தில் உயிரோடு நடமாடுகின்றன. நாளுக்கு ஒரு மணி நேரம், பெரியவர் ஒருவர் உடனிருக்க, என்று வரையறுத்து அனுமதித்தால் படிப்புக்கு இது பகையாகாது, துணையே ஆகும்.

இயந்திரத்தை உச்சியிலே நிறுத்தி அதன் முழக்கத்தைக் கேட்டு மகிழ எவருக்கும் ஆசை உண்டாகும். அயலார் வியக்க, நண்பர் கைதட்ட, அந்த முழக்கம் சில நிமிடம் நிற்கும். பிள்ளைகளையும் முதல் இடம், முதல் இடம் என்று உச்சியிலேயே நிறுத்தி வைக்க முனையும் பெற்றோர் நம்மிடையே பலர். ஊசித்திருகை ஒரு நூலிழை திறந்துவிடுபவன் வலுவை இழப்பதில்லை. நெடுந்தூரம் செல்வதற்கான எண்ணெயை உள்ளே விடுகிறான்.