எந்த வேலைக்கு எடுத்தீர்கள், சொல்லுங்கள்

உள்நாட்டில் டெஸ்ட் தொடர் வருகிறது என்றால் அணியை அறிவிப்பதற்கு ஒரு வாரம் முன்பே எங்கள் ரயிலில் சண்டை தொடங்கிவிடும். நான் மணவூரில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவன். பெட்டியில் திருவாலங்காடு, திருத்தணி ஆட்களோடு, அரக்கோணத்தில் வண்டி மாறி வரும் நகரி, புத்தூர்க்காரர்களும் இருப்பார்கள். "இன்னாணா, சுந்தரை எடுப்பாங்களா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எடுக்கட்டும், அதுக்காக எங்க நிதிஷை வெளிய உக்கார வெக்கக் கூடாது" என்று எதிர் சீட்டிலிருந்து பதில் வரும். திருவள்ளூர் தாண்டுவதற்குள் பெட்டி இரண்டாகப் பிரிந்திருக்கும்.

வாஷிங்டன் சுந்தர் சென்னை. நிதிஷ் குமார் ரெட்டி விசாகப்பட்டினம். இருவரும் ஆல்ரவுண்டர்கள். உள்ளூர் ஆடுகளத்தில் இருவருக்கும் சேர்த்து இடம் இருக்குமா என்பது எப்போதும் சந்தேகம். எங்கள் பக்கத்தில் இது வெறும் கிரிக்கெட் வாதமாக நிற்பதில்லை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றும் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் எங்களிடம் ஏராளம். அதனால் வீரரின் பெயரைச் சொன்னதுமே எந்த ஊர், எந்த மொழி என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

இப்படி வாதாடுவதை வேலையற்ற பேச்சு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த நாட்டில் ரசிகர்களின் குரல் அணியையே மாற்றியிருக்கிறது. 1969 நவம்பரில் பில் லாரியின் ஆஸ்திரேலிய அணி பம்பாயில் முதல் டெஸ்ட் ஆட வந்தபோது, நம் வெங்கட்ராகவனை விட்டுவிட்டு வங்காளத்தின் சுப்ரதோ குஹாவை எடுத்தார்கள். எழுந்த எதிர்ப்பில் குஹா வழிவிட, வெங்கட்ராகவன் ஆடினார். அதே டெஸ்டில் வெங்கட்ராகவனுக்குக் கொடுத்த அவுட் தவறு என்று மைதானமே கொதித்து, நாற்காலிகள் எரிந்த கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1973-ல் சலீம் துரானியைக் கான்பூரில் விட்டதற்கு, அவர் இல்லாமல் டெஸ்டே வேண்டாம் என்று பம்பாயில் முழக்கம் எழுந்தது. அடுத்த டெஸ்டில் துரானி இருந்தார். கல்கத்தாவில் கபில்தேவை விட்டபோதும் அதே முழக்கம்தான். 1985 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் கபில் திரும்பிவிட்டார். எரித்ததையும் உடைத்ததையும் நான் நியாயப்படுத்தவில்லை. பார்க்கிறவனுக்கு அணியின் மீது உரிமை உண்டு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த உரிமையை நாம் தவறான கேள்விக்குச் செலவழிக்கிறோம். "நம்ம பையனை ஏன் விட்டார்கள்?" என்று கேட்டதும், தேர்வுக்குழுவில் நம்ம ஆள் இல்லை என்ற முடிவுக்கு ஓடிவிடுகிறோம். நடந்ததைப் பார்த்தால் இது நிற்காது. 2019 உலகக் கோப்பைக்கு நான்காம் இடத்தில் அம்பத்தி ராயுடு ஆடுவார் என்றுதான் நாடே நினைத்திருந்தது. முந்தைய ஆண்டு கேப்டன் கோலியும் அப்படித்தான் பேசியிருந்தார். ஏப்ரல் 15 அன்று பட்டியல் வந்தது. அதில் ராயுடு இல்லை, தமிழ்நாட்டின் விஜய் சங்கர் இருந்தார். எடுத்த குழுவின் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத். அவரும் குண்டூர், ராயுடுவும் குண்டூர். அன்று நகரி நண்பர்கள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விஜய் சங்கருக்கும் அந்த உலகக் கோப்பை பாதியில் முடிந்தது. பாகிஸ்தானுக்கு எதிராக முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தவர், கால்விரல் காயத்தோடு திரும்பினார். அவருக்குப் பதில் மயங்க் அகர்வாலை அழைத்த கையோடு ராயுடு ஓய்வை அறிவித்துவிட்டார். இந்தப் பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. முதல்தர கிரிக்கெட்டில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் அடித்த பத்ரிநாத் இரண்டே டெஸ்டோடு நின்றுபோனது, சென்னையின் ஸ்ரீகாந்த் தேர்வுக்குழுத் தலைவராக இருந்த காலத்தில். ஊர்ப்பாசம் பட்டியல் எழுதுகிறது என்றால் இவை இரண்டும் நடந்திருக்கவே முடியாது.

சுந்தரையும் நிதிஷையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களுக்கு நான் மெல்போர்னை நினைவூட்டுவேன். 2024 டிசம்பர் 28. ஆஸ்திரேலியா 474 அடித்திருந்தது. இந்தியா 221-க்கு 7 விக்கெட். ஃபாலோ ஆன் பயம். அப்போது களத்தில் சேர்ந்தவர்கள் இவர்கள் இருவரும்தான். எட்டாவது விக்கெட்டுக்கு 127 ரன். சுந்தர் 162 பந்துகள் நின்று 50 அடித்தார், அதில் பவுண்டரி ஒன்றே ஒன்று. அவர் அப்படிக் கட்டிப்போட்டு ஆடியதால்தான் நிதிஷ் தன் போக்கில் ஆடி, கடைசியில் 114 எடுக்க முடிந்தது. அன்று ஊரில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டு டிவியும் அதிகாலையிலிருந்து ஓடியது. அதைவிட நல்ல கிரிக்கெட் காலையை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு இவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? 2025 ஜூலையில் மான்செஸ்டரில் சுந்தர் ஐந்தாவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் சதம் அடித்து டெஸ்டைக் காப்பாற்றினார். நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவரை மூன்றாவதாக இறக்கினார்கள். அந்த இடத்தில் ஆடிவந்த நம் சாய் சுதர்சன் வெளியே. அடுத்த டெஸ்ட் குவஹாத்தி, அங்கே முதல் இன்னிங்ஸில் சுந்தர் எட்டாவது. அவருக்கு முன்னால் ஏழாவதாக வந்தவர் நிதிஷ். அந்த நிதிஷை வேகம் போடும் ஆல்ரவுண்டர் என்று சொல்லித்தான் அணியில் வைத்திருந்தார்கள். அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெல்லி டெஸ்டில் அவர் கையில் பந்தே தரவில்லை. குவஹாத்தியில் தென்னாப்பிரிக்கா 150 ஓவருக்கு மேல் ஆடியும் அவருக்குக் கிடைத்தது சில ஓவர்கள்தான். சுந்தரை மட்டையாளர் என்று எடுத்தார்களா, சுழலுக்கு எடுத்தார்களா? நிதிஷை எதற்கு எடுத்தார்கள்? எங்கள் ரயிலில் இரண்டு தரப்பும் கத்திக்கொண்டிருப்பது, யாருக்கு என்ன வேலை என்று சொல்லாத ஒரே குறைக்காகத்தான்.

எங்கள் ஊர் டென்னிஸ் பந்து அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. பொங்கல் சமயத்தில் அறுவடை முடிந்த நிலங்களில் சுற்றுவட்டாரம் முழுக்கப் போட்டி நடக்கும். இடத்துக்கு மேல் ஆட்கள் வருவார்கள். யாரை விடுகிறேனோ அவனிடம் முந்தின நாள் சாயங்காலமே போய் நின்றுவிடுவேன். "தம்பி, அந்த கிரவுண்ட்ல பவுண்டரி சின்னது. ஸ்லோவா போட்டா தூக்கிடுவாங்க. வேகமா போட இன்னொரு ஆள் வேணும், அதான்." பையன் முகம் சுருங்கும், ஏதாவது திட்டிவிட்டுப் போவான். காலையில் வந்து பேட் பையைத் தூக்குவான். காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வெளியே போன பையன்கள் அடுத்த வருடம் பக்கத்து ஊர் அணியில் ஆடுவதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் அணிக்கே காரணம் சொல்வது தேவைப்படும்போது, நாட்டு அணிக்குத் தேவையில்லையா?

சொன்னால் கோபம் குறையும் என்பதற்கும் சாட்சி உண்டு. கருண் நாயர் 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் 303 அடித்தார். அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரியில் ஹைதராபாத்தில். அவர் இல்லை. காயத்திலிருந்து ரஹானே திரும்பியிருந்தார், அவருடைய இரண்டு வருட உழைப்பை ஓர் ஆட்டத்துக்காக மறந்துவிட முடியாது என்று கோலி வெளிப்படையாகச் சொன்னார். அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் என்ன காரணம் என்பது தெரியும், அதோடு மல்லுக்கு நிற்க முடியும். இப்போது சில தொடர்களுக்குத் தேர்வுக்குழுத் தலைவர் செய்தியாளர்களைச் சந்திக்கிறார், சில தொடர்களுக்கு வெறும் பட்டியல் மட்டும் வருகிறது.

ரசிகர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2024 அக்டோபரில் சுந்தர் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் 152 அடித்தார். எங்கள் பெட்டியில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. புனேயில் நியூசிலாந்தின் 7 விக்கெட்டை 59 ரன்னுக்கு எடுத்த பிறகுதான் எல்லோருக்கும் அவர் "நம்ம பையன்" ஆனார். ஐபிஎல் பார்த்துவிட்டு டெஸ்ட் அணி பேசுகிறோம். ரஞ்சி ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் நம் கேள்விக்குக் கனம் கூடும்.

2013-லிருந்து உள்நாட்டில் தொடர்ச்சியாக 18 டெஸ்ட் தொடர்களை வென்ற அணி இது. 2024-ல் நியூசிலாந்திடம் 0-3. 2025-ல் தென்னாப்பிரிக்காவிடம் 0-2, அதில் குவஹாத்தி தோல்வி 408 ரன்னில். இதற்கு ஆடுகளமும் காரணம், அனுபவசாலிகள் ஓய்வு பெற்றதும் காரணம். ஆனால் தன் வேலை என்னவென்று தெரியாத ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு எந்த ஆடுகளத்திலும் ஜெயிக்க முடியாது.

2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட் ஆட இங்கே வர இருக்கிறது. அந்த அணியை அறிவிக்கும் நாளில், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எந்த வேலைக்கு எடுக்கப்பட்டார் என்று ஒரு வரி எழுதி வெளியிடும்படி கிரிக்கெட் வாரியத்தைக் கேட்கிறேன். விடப்பட்ட முக்கிய வீரர்களுக்கும் அதே ஒரு வரி வேண்டும். சேப்பாக்கத்தில் கத்துகிறவர்களும் விசாகப்பட்டினத்தில் கத்துகிறவர்களும் இந்த ஒன்றைச் சேர்ந்து கேளுங்கள்.