கண்டனம் யாருக்கு?



கண்டன ஆர்ப்பாட்டம், கண்டனப் பேரணி என்று நாம் நடத்தாத போராட்டமில்லை. தப்பைத் தப்பென்று ஊரறியச் சொல்வதுதான் நமக்குக் கண்டனம். அமெரிக்காவிலோ அரசாங்கம் ஒருத்தர் நிலத்தைச் சட்டப்படி பிடுங்குவதற்கும் அதே சொல்தான்: 'கண்டெம்னேஷன்'. தப்பே செய்யாதவன் வீட்டுக்கும் கண்டனமாம்!

அங்கே நியூ லண்டன் நகரத்தில் வளர்ச்சித் திட்டம் என்று சொல்லி வீடுகளை எடுத்தார்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. வீடு போச்சு, திட்டமும் வரலை. இடம் பல வருசம் பொட்டலாகவே கிடந்தது.

இங்கே அதற்குப் பெயர் 'கையகப்படுத்துதல்'. 1894-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் போய் 2013 சட்டம் வந்தது. தனியார் கம்பெனிக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும், சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலோ 105-ஏ பிரிவைச் சேர்த்து, நெடுஞ்சாலைக்கும் தொழிலுக்கும் நிலம் எடுக்கும் மாநிலச் சட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2019-ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருசம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

"பணம்தான் தர்றோமே" என்கிறார்கள். கேட்டு வாங்கினால் விலை. கேட்காமல் எடுத்தால் அதுக்குப் பேர் என்னய்யா?

நோட்டீஸ் வந்தால் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். 2013 சட்டத்தில் 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 21 நாள்தான். நாள் தப்பினால் நிலம் தப்பாது.

சம்மதமில்லாமல் எங்கள் நிலத்தைத் தொடாதே!