மயில் கூட்டத்தின் ஆரோக்கியம்

விராலிமலைக் காடுகளிலும் கொங்கு நாட்டுத் தோட்டங்களிலும் மயில்கள் கூட்டமாய் மேய்வது விவசாயிகளுக்குப் புதிதன்று. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் அவற்றால் நேரும் சேதமும் யாவரும் அறிந்ததே. ஆயினும், தோகை விரித்தாடும் ஆண்மயில்களின் தொகையைக் கொண்டே மயிலினம் செழித்துவிட்டதென முடிவு கட்டுதல் சரியன்று. கூட்டத்தின் உண்மை நிலையை உணர்த்துபவை பெண்மயில்களும் குஞ்சுகளுமேயாம்.

மயிலுக்கு உறவினமான காட்டு வான்கோழியை அமெரிக்க நாட்டார் இவ்வாறே மதிப்பிடுகின்றனர். கோடைதோறும் பெட்டைகளையும் உடன் திரியும் குஞ்சுகளையும் எண்ணி, பெட்டை ஒன்றுக்குக் குஞ்சு எத்தனை என்று கணக்கெடுப்பர். நம் பெண்மயிலும் தரையில் புதர் மறைவில் முட்டையிட்டு, சுமார் 28 நாள் அடைகாக்கிறது. நாயும் கீரியும் அம்முட்டைகளைக் குடித்துவிடுவதுண்டு. குஞ்சு பொரிக்கும் பருவம் கழிந்த பின்னும் பெண்மயில்களிற் பல தனித்தே திரியுமாயின், அதுவும் அடுத்தடுத்த வருஷங்களில் அவ்வாறே காணுமாயின், கூட்டம் பெரிதாயினும் அது தேய்வுறுகிறதென்று கொள்ளலாம்.

அடுத்து, வியாதிக் குறிகளைக் கவனித்தல் வேண்டும். இனச்சேர்க்கைக் காலம் முடிந்தபின் ஆண்மயில் தோகை உதிர்ப்பது இயற்கையே; அது நோயன்று. கூட்டத்திற்குப் பின்தங்கி, இறகு சிலிர்த்து, சிறகு தொங்கி நிற்பதே நோயின் குறி. கழுத்து திருகுதலும் பச்சை கலந்த கழிச்சலும் ராணிக்கேட் என்னும் கோழிக்கழிச்சல் வியாதியில் காணப்படும். முகத்தில் பருக்கள் தோன்றின் அம்மையெனச் சந்தேகிக்கலாம். கந்தக நிறமான கழிச்சல் கரும்புள்ளி நோயின் குறியாயிருக்கலாம். இந்நோயின் கிருமி கோழியின் குடற்புழு முட்டைகளில் தங்கி, மண்ணில் நெடுங்காலம் உயிரோடிருக்கும். கோழி நலமாகவே தோன்றும். அது மேய்ந்த மண்ணில் மேயும் வான்கோழியும் மயிலும் நோயுறும். எனவே மயிலின் ஆரோக்கியம் கொல்லைக் கோழியின் ஆரோக்கியத்தினின்றும் வேறன்று. கோழிகளுக்குக் காலத்தில் தடுப்பூசி போடுவதும் குடற்புழு நீக்குவதும் இருதிறத்திற்கும் காவலாம்.

வியாதியால் மடியும் மயில்கள் பெரும்பாலும் மெலிந்து, பல நாட்களில் ஒவ்வொன்றாய் விழும். கொழுத்த பறவைகள் பல, ஒரே காலையில், ஒரே வயலருகே மாண்டு கிடப்பின் நஞ்சையே முதலில் ஐயுறல் வேண்டும். நஞ்சிட்ட தானியம் மயிலோடு நிற்பதன்று. கௌதாரியையும் வீட்டுக் கோழியையும் அது கொல்லும். மேலும் 1963-ஆம் ஆண்டு முதல் மயில் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கொல்வதைக் கடுங்குற்றமாக்கியுள்ளது. சேதத்தை வனத்துறையாரிடம் முறையிடுவதே நேரான வழி.

அம்முறையீட்டிற்கும் கணக்கே பலம். வருஷந்தோறும் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில், விடியற்காலையில் ஆண், பெண், குஞ்சு, நோயுற்றவை என நான்கு பத்திகளில் எண்ணி எழுதிவைப்பது கிராமத்தார்க்கு அரிதன்று. செலவும் இல்லை. இறந்த பறவையை வெறுங்கையால் தொடாது, கிராம நிர்வாக அலுவலர் வாயிலாக வனத்துறையார்க்கும் கால்நடை மருத்துவர்க்கும் அன்றே அறிவித்தல் வேண்டும். ஊகத்தால் எழும் புகார் பல கூடினும் பயன் சிறிதே. மூன்று வருஷக் கணக்கைக் காட்டி ஒரு கிராமம் பேசுமாயின், அதனை எவரும் எளிதில் தள்ளிவிட இயலாது.